சக்கரத்திலிருந்து அடையாள அட்டைக்கு: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் நடந்துவந்த வழி

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஒரு பருவகாலம் முழுக்கத் தன் மோட்டார் வண்டியை ஓட்டிச் செல்ல விரும்பியவர் 1916-ல் 10 டாலர் கட்டினார். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் இன்று அது 250 டாலருக்குக் குறையாது. இப்போது அதே வாயிலில் அமெரிக்கர் ஒருவரின் காருக்கு ஏழு நாளைக்கு 35 டாலர். நாட்டின் எல்லாப் பூங்காக்களுக்கும் செல்லுபடியாகும் ஆண்டு பாஸ் 80 டாலர். பூங்காக் கட்டணம் காலத்துக்குக் காலம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்ற பொது எண்ணத்தை இந்தக் கணக்கு ஒன்றே கலைத்துவிடுகிறது. நூறாண்டின் பெரும்பகுதியில் கட்டணத்தின் உண்மை மதிப்பு இறங்கித்தான் வந்திருக்கிறது.

ஆகவே இந்த வரலாற்றைத் தொகையின் வழியே படித்தால் அதன் போக்கு பிடிபடாது. கட்டணம் எதன் மேல் விதிக்கப்பட்டது, வசூலான பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால்தான் திருப்பங்கள் தெரிகின்றன. முதலில் வண்டிக்குக் கட்டணம். பிறகு வண்டியில் இருக்கும் ஆளின் வயதும் நிலையும் கணக்கில் வந்தன. 2026 முதல் அந்த ஆள் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதும் சேர்ந்திருக்கிறது. பணமோ பூங்காவுக்கும் அரசின் கருவூலத்துக்கும் இடையே மூன்று முறை கை மாறியிருக்கிறது.

மோட்டாருக்கு முன்

யெல்லோஸ்டோனை நிறுவிய சட்டம் 1872 மார்ச் 1 அன்று கையெழுத்தானது. பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது பற்றி அதில் பேச்சில்லை. பூங்காவுக்குள் விடுதி கட்டுவோருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். அந்தக் குத்தகைப் பணமும் பூங்கா சார்ந்த மற்ற வருமானமும் பூங்காவின் பராமரிப்புக்கும் சாலைகளுக்குமே செலவாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. பூங்காவின் வருமானம் பூங்காவுக்கே என்ற கொள்கை பிறந்த இடம் இதுதான். பின்னால் வந்த பூசல்கள் பலவும் இந்த ஒரு விதியை நிலைநாட்டவோ மீறவோ எழுந்தவையே.

நடைமுறையில் அந்த விதியால் ஒன்றும் விளையவில்லை. ரயில் எட்டாத மலைக்காட்டில் குத்தகைக்கு எடுக்க ஆளில்லை. முதல் கண்காணிப்பாளர் நதானியேல் லாங்ஃபோர்டுக்குச் சம்பளமே கிடையாது. நாடாளுமன்றம் 1878-ல்தான் முதன்முதலாக 10,000 டாலர் ஒதுக்கியது. வேட்டைக்காரர்களையும் கொள்ளையையும் கட்டுப்படுத்த முடியாமல் போனபோது, 1886-ல் ராணுவம் பொறுப்பேற்றது. 1918 வரை அதுவே காவல் காத்தது. இடையில் 1879 வாக்கில், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த டுகுடிகா ஷோஷோனி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூங்காவின் வாயிலில் யாரை விடுவது என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த பதில் அந்த வெளியேற்றம். கட்டணத்தைப் பற்றி எழுதும் பலர் இதைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள். வாயில் என்ற ஒன்று எப்படி உண்டானது என்பதைச் சொல்லாமல் வாயில் கட்டணத்தின் வரலாற்றைத் தொடங்க முடியாது என்பது என் கருத்து.

அந்நாளில் மக்கள் பணமே கொடுக்காமல் பூங்காக்களைப் பார்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கொடுத்தார்கள், ஆனால் அரசிடம் இல்லை. யோசெமிட்டிக்குப் போன சாலைகள் தனியார் போட்ட சுங்கச் சாலைகள். 1915-ல் ஸ்டீஃபன் மேதர், அப்போது உள்நாட்டு அலுவல் துறைச் செயலரின் உதவியாளர், டியோகா சாலையைத் தன் பணத்தையும் நண்பர்களின் பணத்தையும் சேர்த்து 15,500 டாலருக்கு வாங்கி அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார். போராக்ஸ் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த மேதர்தான் பிறகு தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஆனார். சாலை இலவசமாக இருக்க வேண்டும் என்று கைக்காசைப் போட்டவர், மோட்டார் கட்டணத்தையும் நிர்வகிக்க வேண்டியவரானார்.

வண்டியின் மேல் வரி

வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் ரெய்னியர் 1908-ல் முறைப்படி மோட்டார் வண்டிகளை அனுமதித்தது. அனுமதிச் சீட்டு 5 டாலர். தொடர்ந்து 1911-ல் கிரேட்டர் லேக், 1912-ல் கிளேசியர், 1913-ல் யோசெமிட்டி என்று ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. யெல்லோஸ்டோன் கடைசியாகத்தான், 1915 ஆகஸ்ட் 1 அன்று, இசைந்தது.

ஏன் வண்டிக்கு மட்டும்? குதிரையில் வந்தவரும் நடந்து வந்தவரும் எதுவும் கட்டவில்லை. மோட்டார் வண்டி சாலையைக் கெடுக்கிறது, குதிரைகளை மிரட்டுகிறது, அதற்கென்று தனியாகக் காவலும் ஒழுங்கும் தேவைப்படுகிறது. ஆகவே அந்தச் செலவை அதன் சொந்தக்காரர் ஏற்க வேண்டும் என்பதுதான் நியாயம். சாலைகளின் நிலையும் அப்படித்தான் இருந்தது. 1911-ல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் ரெய்னியரின் பாரடைஸ் பள்ளத்தாக்குக்குப் போனபோது, அவருடைய வண்டியைக் கடைசித் தூரத்தில் கோவேறு கழுதைகள் சேற்றிலிருந்து இழுத்துச் செல்ல நேர்ந்தது. யெல்லோஸ்டோனில் முதல் இரண்டு ஆண்டுகள் காரும் குதிரை வண்டியும் ஒரே பாதையில் ஓடின. மோதலைத் தவிர்க்கக் காருக்கு நேர அட்டவணை வகுக்கப்பட்டது. சோதனைச் சாவடியைக் கடக்கும்போது ஓட்டுநரின் சீட்டில் நேரம் எழுதப்படும். அடுத்த சாவடிக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டால் வேகமாக ஓட்டியதாகப் பொருள், நிமிடக் கணக்கில் அபராதம். வாங்கிய 10 டாலருக்கு உண்மையிலேயே வேலை இருந்தது.

அந்த ஆண்டுகளில் வசூலான பணம் பூங்காவிலேயே தங்கியது. சாலைப் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் போனது. 1916 ஆகஸ்ட் 25 அன்று தேசியப் பூங்காச் சேவை பிறந்தபோது இந்த வருமானத்தை நம்பித்தான் மேதர் கணக்குப் போட்டார். பூங்காக்கள் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும் நாள் வரும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது. ஆனால் 1918 ஜூலை முதல் பூங்கா வருமானம் முழுவதும் பொதுக் கருவூலத்தில் சேர வேண்டும் என்று நாடாளுமன்றம் விதித்துவிட்டது. செலவுக்கான பணத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திடம் கேட்டுப் பெற வேண்டும். நிதி ஒழுங்கு என்ற வகையில் இதைக் குறை சொல்ல முடியாது. செலவின் மேல் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் கட்டணத்துக்கும் அதனால் கிடைக்கும் பயனுக்கும் நடுவே இருந்த நேரடித் தொடர்பு அன்று அறுந்தது. வாயிலில் வாங்கும் பணம் தன் சாலைக்கு வராது என்று தெரிந்த நிர்வாகிக்கு அதை உயர்த்தவோ, ஒழுங்காக வசூலிக்கவோ என்ன அக்கறை இருக்க முடியும்?

அதே 1918-ல் உள்நாட்டு அலுவல் துறைச் செயலர் ஃபிராங்க்ளின் லேன் மேதருக்கு எழுதிய கொள்கைக் கடிதம், மோட்டார் வரத்து கூடக் கூடக் கட்டணம் குறைக்கப்பட வேண்டும் என்றது. அப்படியே நடந்தது. யெல்லோஸ்டோன் கட்டணம் 1926-ல் 3 டாலருக்கு இறங்கியது. பார்வையாளர் எண்ணிக்கையோ 1916-ல் மூன்றரை லட்சம் என்ற அளவிலிருந்து 1950-களில் ஐந்து கோடியைத் தாண்டியது. ஹெரால்ட் இக்கீஸ் செயலராக இருந்த 1939-ல், பயன்படுத்துவோர் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற வாதத்தில் கட்டணம் மேலும் பல இடங்களுக்கு விரிக்கப்பட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை: வண்டிதான் கணக்கு.

ஸ்மோக்கி மலைகளின் வாக்குறுதி

இந்தப் பொது ஓட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒரு பூங்காவை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் அதிகமானோர் வரும் பூங்கா; ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள். அங்கே நுழைவுக் கட்டணம் என்றுமே இருந்ததில்லை.

மேற்கின் பெரிய பூங்காக்கள் அரசு நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. ஸ்மோக்கி அப்படி அல்ல. மரக் கம்பெனிகளும் சிறு விவசாயிகளும் வைத்திருந்த நிலத்தைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிச் சேர்த்தார்கள். இரு மாநில அரசுகள் பணம் போட்டன. ராக்ஃபெல்லர் குடும்பம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சில்லறைக் காசுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டையும் வயலையும் விட்டுப் போன குடும்பங்கள் ஆயிரத்துக்கு மேல். 1934-ல் பூங்கா அமைந்தது. அதை நடுவே கடக்கும் நியூஃபவுண்ட் கேப் சாலையின் டென்னசிப் பகுதியை 1951-ல் அந்த மாநிலம் மத்திய அரசுக்கு ஒப்படைத்தபோது, அந்தச் சாலையில் சுங்கமோ அனுமதிக் கட்டணமோ ஒருபோதும் விதிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. அன்று மலையைக் கடக்கும் முக்கியச் சாலைகளில் அதுவும் ஒன்று. தங்கள் ஊரிலிருந்து அடுத்த மாநிலத்துக்குப் போக மலைவாசிகள் காசு கட்டும் நிலை வந்துவிடக் கூடாது என்பது அதன் உட்கிடை.

அந்தப் பத்திரம் இன்றும் செல்லும். ஆனால் கூட்டம் கூடியது, கழிவறைகளும் பாதைகளும் பழுதடைந்தன, ஊழியர்கள் போதவில்லை. நிர்வாகம் 2023 மார்ச் 1 முதல் வேறொரு வழியை எடுத்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு எதுவும் இல்லை. 15 நிமிடத்துக்கு மேல் எங்காவது நிறுத்தினால் மட்டும் வாகன நிறுத்தச் சீட்டு வேண்டும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. வசூலாவது முழுக்க அங்கேயே செலவாகிறது. வாக்குறுதியின் எழுத்து காக்கப்பட்டுவிட்டது. அதன் உள்நோக்கம் காக்கப்பட்டதா என்று கேட்டால், ஓரளவுக்கு என்றே சொல்வேன். கடந்துபோகும் மலைவாசிக்கு இன்றும் தடையில்லை. ஆனால் நின்று ஓடைக்கரையில் பிள்ளைகளோடு பகல் முழுக்கச் சாப்பிட்டு இளைப்பாறும் ஏழைக் குடும்பத்துக்கு இப்போது ஒரு கணக்கு வந்துவிட்டது.

தங்கக் கழுகு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் கையில் காரும் விடுமுறையும் வந்தன. பூங்காக்கள் தாங்கவில்லை. லாரன்ஸ் ராக்ஃபெல்லர் தலைமையில் 1958-ல் அமைந்த வெளிப்புறப் பொழுதுபோக்கு ஆணையம் 1962-ல் அறிக்கை அளித்தது. அதன் வழியே வந்ததுதான் 1964 செப்டம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம். 1965 முதல் 7 டாலருக்கு ஓர் ஆண்டு அட்டை: கோல்டன் ஈகிள், அதாவது தங்கக் கழுகு. ஒரே அட்டையில் நாட்டின் பூங்காக்கள், காடுகள், நீர்த்தேக்கங்கள். பணம் புதிய நிலம் வாங்கும் நிதிக்குப் போகும்.

கருத்து நல்லது. ஆனால் அட்டை எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. வசூலிக்கும் பூங்காவுக்கு நேரடிப் பலனும் இல்லை. நாடாளுமன்றம் சில ஆண்டுகளில் அதை நிறுத்த முடிவெடுத்து, பிறகு நீட்டித்து, 1972-ல் மறுபடி நிலைப்படுத்தியது. அந்த 1972 சட்டம் வேறொரு வகையில் முக்கியமானது: 62 வயது நிரம்பியவர்களுக்கு இலவச அட்டை, கோல்டன் ஏஜ். 1980-ல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கோல்டன் ஆக்சஸ். வண்டியை மட்டும் பார்த்த சாவடி முதன்முறையாக உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து வயதைக் கேட்டது. இந்த இரு சலுகைகளும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களுக்கும் மட்டும். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலவசம் யாருக்கு என்பதில்தான் வேறுபாடு. அடிப்படைக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் நாட்டவர், பிறநாட்டவர் என்ற கோடு கட்டணச் சட்டத்துக்குள் விழுந்தது அங்கேதான். 2026-ல் நடந்ததற்கு முன்மாதிரி தேடுவோர் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

1979-ல் கட்டணங்களை உயர்த்தக் கூடாது என்று நாடாளுமன்றம் தடை போட்டது. 1987-ல் அது தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வீடு திரும்பியது

உண்மையான திருப்பம் 1996. பரிசோதனைக் கட்டணத் திட்டம் என்ற பெயரில், நான்கு மத்திய அரசு அமைப்புகள் தேர்ந்தெடுத்த இடங்களில் புதுக் கட்டணம் விதிக்கலாம், வசூலில் 80 விழுக்காட்டை வசூலித்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. 1918-ல் அறுந்த தொடர்பு எழுபத்தெட்டு ஆண்டு கழித்து மறுபடி முடிச்சுப் போடப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. யெல்லோஸ்டோனும் பக்கத்துக் கிராண்ட் டீட்டனும் சேர்ந்த கட்டணம் 1997-ல் 20 டாலர் ஆனது. உயர்வைப் பூங்காவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் காசு கண்ணெதிரே ஒரு பாலமாகவோ நடைபாதையாகவோ மாறுவதைப் பார்க்க முடிந்தது காரணமாக இருக்கலாம்.

எதிர்ப்பு வந்தது காட்டிலிருந்து. அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான வனச் சேவையின் நிலங்களில் எந்த வசதியும் இல்லாத இடத்திலும் வண்டியை நிறுத்தி நடந்துபோகக் கட்டணம் கேட்டபோது, தெற்குக் கலிஃபோர்னியாவிலும் வடமேற்கிலும் மக்கள் கொதித்தார்கள். 2004 டிசம்பரில் வந்த சட்டம் 80 விழுக்காட்டு ஏற்பாட்டைக் காத்துக்கொண்டு, வசதிகள் உள்ள இடத்தில்தான் கட்டணம் என்று வரம்பு கட்டியது. அரிசோனாவின் மவுண்ட் லெம்மன் வழக்கில் 2012-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரம்பை உறுதிசெய்தது: எந்த வசதியையும் பயன்படுத்தாமல் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பவரிடம் காசு கேட்க முடியாது. பொது நிலத்தில் கால் வைப்பது உரிமை, அங்கே கட்டிவைத்த வசதியைப் பயன்படுத்துவதற்கே விலை என்ற இந்தப் பிரிவு, கட்டண வரலாற்றில் நீதிமன்றம் செய்த சிறந்த பணி என்று நினைக்கிறேன்.

2007-ல் தங்கக் கழுகு மறைந்து அமெரிக்கா தி பியூட்டிஃபுல் அட்டை வந்தது, 80 டாலருக்கு. பின்பக்கத்தில் இரண்டு கையெழுத்துக் கோடுகள்; இருவர் பங்குபோட்டு வைத்துக்கொள்ளலாம். சாவடியில் அட்டையையும் புகைப்பட அடையாளத்தையும் நீட்டினால் காரில் இருப்பவர் எல்லோரும் உள்ளே போகலாம். முதலில் இலவசமாக இருந்த முதியோர் அட்டை இடையில் 10 டாலர் ஆயுள் அட்டையாகி அங்கேயே நின்றிருந்தது; 2017 ஆகஸ்ட் 28 முதல் அதுவும் 80 ஆனது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிவிட முதியோர் முண்டியடித்தார்கள். ஒரே தடவையில் 80 கொடுக்க முடியாதவர் ஆண்டுக்கு 20 டாலர் அட்டை வாங்கி, நான்கு அட்டை சேர்ந்ததும் அவற்றைக் கொடுத்து ஆயுள் அட்டை பெறலாம். ஏழை முதியவரை நினைவில் வைத்து எழுதிய விதி அது.

அதே 2017-ல் பருவகாலத்தில் 17 பெரிய பூங்காக்களுக்குக் காருக்கு 70 டாலர் என்ற யோசனை வெளியானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. யோசனை கைவிடப்பட்டு 2018-ல் 35 டாலர் என்ற அளவில் முடிந்தது. கட்டண வருமானம் இந்தக் காலத்தில் ஆண்டுக்கு 30 கோடி டாலர் என்ற அளவில்; பூங்காச் சேவையின் ஆண்டு ஒதுக்கீடோ 300 கோடி டாலர் அளவில். தள்ளிப்போடப்பட்ட பழுதுபார்ப்பு வேலைகளின் மதிப்பு 2020-களில் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. வாயில் கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. பூங்காக்களைக் காப்பது வரிப்பணம்தான். கட்டணம் அதற்குத் துணை. இதை மறைத்துக் கட்டண உயர்வை மருந்தாக முன்வைக்கும் வாதம் எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

நேரமும் ஊரும்

பெருந்தொற்றுக் காலத்திலிருந்து இன்னொரு சீட்டு சேர்ந்தது. 2020-ல் ராக்கி மவுண்டன், யோசெமிட்டி. 2022-ல் யூட்டாவின் ஆர்ச்சஸ். இந்த நாளில் இந்த மணிக்கு வருவேன் என்று இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதற்கு 2 டாலர். அது நுழைவுக் கட்டணம் ஆகாது. முன்பதிவுச் சேவையின் செலவுக்குப் போனது. 1915-ன் நேர அட்டவணை குதிரைக்காக, இது கூட்டத்துக்காக. முன்பதிவு திறக்கும் நேரத்தில் விரைவான இணைய வசதியோடு காத்திருக்க முடிந்தவருக்கே இடம் என்ற நிலை, காசைவிடக் கடினமான தடையாகச் சிலருக்கு ஆனது.

2025 நவம்பரில் உள்நாட்டு அலுவல் துறை புதிய ஏற்பாட்டை அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு அட்டை அதே 80 டாலர், மற்றவர்களுக்கு 250. யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில், ஆண்டு அட்டை இல்லாத, வெளிநாட்டில் வசிப்பவர் 16 வயது நிரம்பியிருந்தால் தலைக்கு 100 டாலர் கூடுதல். இலவச நாள்களும் இனி நாட்டில் வசிப்பவர்களுக்கே.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனி விலை நெடுநாளாக உண்டு. அதனால் நம் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தெரியாது. பூங்காக்களை நடத்துவது உள்நாட்டு வரி, ஆகவே வரி கட்டாதவர் வாயிலில் கூடுதலாகக் கட்டட்டும் என்ற வாதத்துக்கு வலு இருக்கிறது. நானே மேலே வரிப்பணத்தின் பங்கைச் சொன்னேன். ஆனால் அமெரிக்க வரலாற்றில் இது ஒரு முறிவு. 1908 முதல் கட்டணத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் எப்போதும் பயன்பாடு: சாலையைத் தேய்த்தவர் கட்டினார், வசதியைப் பயன்படுத்தியவர் கட்டினார். சலுகை ஆளைப் பார்த்தது, கட்டணம் பார்க்கவில்லை. இப்போது ஒரே காரில், ஒரே சாலையில், ஒரே வெந்நீர் ஊற்றைப் பார்த்துத் திரும்பும் இருவருக்கு இரண்டு விலை.

அதன் அளவை ஒரு கணக்கில் பார்க்கலாம். சென்னையிலிருந்து சுற்றுலா விசாவில் தாங்களாகவே செல்லும் ஒரு தம்பதி, அட்டை ஏதும் வாங்காமல் யெல்லோஸ்டோனையும் அதை ஒட்டியிருக்கும் கிராண்ட் டீட்டனையும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பூங்காவுக்கும் காருக்குத் தலா 35 டாலர், 70. இருவருக்கும் இரண்டு பூங்காவிலும் தலைக்கு 100 டாலர், 400. மொத்தம் 470 டாலர். முன்யோசனையோடு 250 டாலர் அட்டை வாங்கியவர்களுக்கு அதோடு முடியும். அதே வாயிலில் அடுத்த வரிசையில் நிற்கும் அமெரிக்கத் தம்பதிக்கு 70, ஆண்டு அட்டை வைத்திருந்தால் 80-க்குள் ஆண்டு முழுதும்.